வில்லியம் கேஷ் கேட்ட கேள்வி

1847இல் இங்கிலாந்து ஓவியர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் குடியால் ஒரு குடும்பம் அழிவதைச் சொல்லும் 'புட்டி' வரிசையின் எட்டுப் படங்களை மதுவிலக்குச் சங்கத் தலைவர் வில்லியம் கேஷிடம் காட்டினார். கேஷ் பாராட்டினார். கூடவே ஒன்று கேட்டார்: குடி இத்தனை பெரிய கேடு என்று வரைந்த கையால், அதே புட்டியை எப்படித் தொடுகிறீர்கள்? அதோடு குரூக்‌ஷாங்க் குடியை விட்டு, சபதம் எடுத்தார்.

விழிப்புணர்வுப் படம் வரைந்து கொடுப்பவர்களுக்கு இந்தக் கேள்வி உறுத்தும். வரைந்ததைப் பார்வையிடுபவர் வரைந்தவரின் வாழ்க்கையைப் பற்றிக் கேட்கலாமா? கூடாது என்பதே என் கட்சி. படம் பேசுகிறதா, அச்சில் ஏறுமா, இதைத்தான் கேட்க வேண்டும்.

அச்சில் ஏற்றுவது லேசாகவும் இருக்கவில்லை. எட்டுப் படமும் சேர்த்து ஒரு ஷில்லிங்தான் விலை என்பதால் கிளைஃபோகிராஃபி என்ற அச்சுக்கட்டை முறையைப் பிடித்தார்கள். செப்புத் தகட்டைக் கறுப்பாக்கி, மேலே வெள்ளை மெழுகை மெல்லப் பூசி, ஊசியால் கீறுவார்கள். கீறிய இடம் கறுப்பாகத் தெரியும். இடவலம் மாற்றி வரைய வேண்டாம். பிறகு கிராஃபைட் தூவி, மின்சாரத்தால் செம்பு படியவைத்தால் கோடுகள் மேடாக நிற்கும் அச்சுக்கட்டை கிடைக்கும். மெழுகின் கனம்தான் கோடுகளுக்கு இடையிலான பள்ளத்தின் ஆழம். அது போதாவிட்டால் வெள்ளை இடத்திலும் மை ஒட்டும். பெரிய வெற்றிடங்களில் மெழுகை ஏற்றிச் சமாளிக்கலாம். நெருக்கமான கோடுகளுக்கு நடுவே ஏற்ற வழியில்லை, அங்கே மை அடைத்துக்கொள்ளும். அமிலத்தால் அரித்த தகட்டில் கோட்டின் தடிப்பில் வரும் ஏற்ற இறக்கமும் இதில் வராது.

அப்படியும் அந்தப் படங்கள் நிற்கின்றன, காரணம் அந்த வீடுதான். முதல் படத்தில் பூனையும் குட்டியும் விளையாடும் நிறைவான அறை. மூன்றாவதில் ஜப்திக்காரர்கள் சாமான்களை எடுத்துப் போகிறார்கள். ஐந்தாவதில் வீட்டின் கடைசிக் குழந்தை இறந்துகிடக்கிறது. ஏழாவதில் கணவன் அதே புட்டியால் மனைவியைக் கொல்கிறான். இவ்வளவையும் வரைந்தபோது குரூக்‌ஷாங்க் குடித்துக்கொண்டிருந்தவர். 1829இலேயே 'ஜின் கடை' வரைந்து சாராயக் கடையைக் கிழித்தவரும் அவரே.

நாவலாசிரியர் டிக்கன்ஸ் வேறு கேள்வி கேட்டார். 1848இல் தொடர்ச்சியாக வந்த 'குடிகாரனின் பிள்ளைகள்' பற்றி எழுதும்போது, வெளிச்சமும் காற்றும் தண்ணீரும் இல்லாத வீடுகளும் மோசமான பட்டறைகளும் மனிதனைக் குடிக்குத் தள்ளுவதைப் படம் விட்டுவிட்டது என்றார். படத்தை நோக்கிய கேள்வி, நியாயமானது. குரூக்‌ஷாங்கை மாற்றியது என்னவோ கேஷின் கேள்விதான்.

மாற்றி என்ன கிடைத்தது? 1860 முதல் 1862 வரை வரைந்த 'பாக்கஸ் வழிபாடு' (பாக்கஸ் ரோமானியரின் மதுக் கடவுள்). ஏழடிக்கு மேல் உயரம், பதிமூன்றடி அகலம், நூற்றுக்கணக்கான உருவங்கள். பெயர் சூட்டல், திருமணம், சாவு, எங்கும் கோப்பை. ஒரு முகமும் மனதில் தங்குவதில்லை. சபதம் ஓவியனைப் பிரசங்கி ஆக்கிவிட்டது என்று எனக்குப் படும்.

அந்த முடிவிலும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. அவருடைய தகப்பனார் ஐசக்கும் கேலிச் சித்திரக்காரர், குடியால் கெட்டவர். அப்படிப்பட்டவரின் மகனை ஒரு கேள்வி மீட்டதென்றால், எந்த ஓவியத்தை வைத்து அதைத் தப்பு என்பது? மேலும் 'குடிகாரனின் பிள்ளைகள்' கடைசிப் படம், பாலத்திலிருந்து அந்தப் பெண் குதிப்பது, சபதத்துக்குப் பிறகு வந்தது. 'புட்டி'யின் எந்தப் படத்துக்கும் அது குறைந்ததில்லை. ஆக, சபதத்தைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிமூன்றடித் துணியைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.