சொடக்கு

"தம்பி, ஏன் எல்லாரும் சொடக்குப் போடுறாங்க? பிடிக்கலையா?"

பக்கத்து நாற்காலி அக்கா காதோரம் கேட்டார். பிடித்திருந்தால்தான் சொடக்கு, கைதட்டினால் அடுத்த வரி காதில் விழாது என்றேன். அடுத்த கவிதைக்கு முதல் சொடக்கு அவருடையதுதான். வளையல் சத்தத்தோடு.

இன்று சாயங்காலம், சிங்கப்பூர் கேம்பல் லேன் பக்கம் ஒரு மாடி அறை. யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம். ஆளுக்கு 3 நிமிடம்.

நான்காவதாக வந்தவர் வேலையிடத்திலிருந்து நேராக வந்திருந்தார். பூட்ஸ் நுனியில் காய்ந்த சிமெண்ட். விரிசல் விட்ட போனைப் பார்த்து வாசித்தார். முதல் பத்து வரி, உண்மையைச் சொன்னால், சுமார்தான்.

பாதியில் போன் அடித்தது. முன்வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது: 'அம்மா'.

கட் செய்தார். விட்ட வரியைத் தேடினார், கிடைக்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு அப்படியே ஊர்ப் பேச்சில் சொல்லத் தொடங்கினார். அதுவரை வாசித்த செந்தமிழ் எங்கே போனதோ! அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

3 நிமிடம் தாண்டியது. மணி அடிக்க வேண்டியவர் அடிக்கவில்லை.

1986-ல் சிகாகோவின் கிரீன் மில் ஜாஸ் கிளப்பில், மேடையில் கவிதை சொல்லிப் போட்டியிடும் போயட்ரி ஸ்லாமைத் தொடங்கிய மார்க் ஸ்மித்தும் கட்டுமானத் தொழிலாளியாக இருந்தவர்தான். இங்கே சிங்கப்பூரிலும் 2014-லேயே வெளிநாட்டு ஊழியர்களுக்கென்று கவிதைப் போட்டி வந்துவிட்டது. நாம்தான் இன்னும் கவிஞர் என்றால் ஜிப்பாவைத் தேடுகிறோம்.

கிளம்பும்போது அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், போன் காதில்.

"இல்லம்மா... வேலைல இருந்தேன்."