மடத்தில் வைக்கக் கூடாத பூ: மூன்றாவது முயற்சி

பொழுதுபோக்காக ஒரு மலை மடத்தைக் கற்பனையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். மணி அடிக்கும் வேளை, உண்ணா நாள், முற்றம் பெருக்கும் முறை எல்லாம் எழுதியாயிற்று. உள்ளே நுழையவே கூடாத பூச்செடி ஒன்று மட்டும் சிக்கவில்லை.

முதலில் ஊமத்தை மாதிரி ஒன்றை வைத்தேன். சப்பென்று இருந்தது. விஷச் செடியை விலக்கி வைக்க மடம் எதற்கு? அப்புறம், தின்றால் கனவு வரும் பூ. அதை ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள், அடித்துவிட்டேன்.

வழி காட்டியது சம்யுத்த நிகாயம் என்ற பழைய பௌத்த நூலில் உள்ள ஒரு சின்னக் கதை. கோசல நாட்டுக் காட்டில் ஒரு பிக்கு, குளத்தில் இறங்கித் தாமரையை முகர்கிறார். அங்கிருக்கும் தேவதை, ‘கொடுக்காததை எடுத்தாய், நீ மணத் திருடன்’ என்கிறது. பறிக்கவில்லை, ஒடிக்கவில்லை, தள்ளி நின்றுதானே முகர்ந்தேன் என்கிறார் அவர். கிழங்கைத் தோண்டுகிறவனை விட்டுவிட்டு என்னையா என்றும் கேட்கிறார். அழுக்குத் துணியில் கறை தெரியாது, உன்னைப் போன்றவருக்கு மயிர்நுனி அளவு பிழையும் மேகம் மாதிரி தெரியும் என்கிறது தேவதை. குற்றம் இவ்வளவு சின்னதாக இருந்தால்தான் தடைக்கு ருசி.

செடிக்கு மாதிரி என் வீட்டு நிஷாகந்தி. பலர் பிரம்ம கமலம் என்பார்கள். இமயமலைப் பிரம்ம கமலம் வேறு, இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி வகை. இலை போலத் தெரிவது தட்டையான தண்டு. முதல் துண்டை வெட்டிய ஈரத்தோடு நட்டு அழுகவிட்டேன். அடுத்ததை நிழலில் சில நாள் காயவைத்து நட்டேன், பிடித்துக்கொண்டது. மூன்றாம் வருடம் மொட்டு. தொங்கிக்கொண்டிருந்த மொட்டு, தூண்டில் முள் மாதிரி மேலே வளைந்த மறுநாள் ராத்திரி விரிந்தது. வாசனை கூடம் வரை வந்து, தூங்கியவர்களையும் எழுப்பிவிட்டது. விடிந்தபோது துவண்ட கோழிக்கழுத்து போலத் தொங்கியது.

காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் பூ மலர்ந்தால் மடத்தில் யாரும் உறங்க மாட்டார்கள். விடியல் மணி தவறும். அவ்வளவுதான் தடை.

இப்போது மாட்டியிருப்பது வேறு இடத்தில். பௌத்த விநயத்தில், அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதிகளில், செடிகொடியைச் சேதப்படுத்துவதும் பிக்குவுக்குக் குற்றம். அந்த விதியை என் மடத்துக்கும் எடுத்துக்கொண்டேன். அப்படியானால் மதிலோரம் தானாக முளைத்ததை யார் பிடுங்குவது? கீழூரிலிருந்து ஒரு தோட்டக்காரரை வரவழைத்திருக்கிறேன். அவருக்குத் தீராத மூக்கடைப்பு என்று குறித்து வைத்திருக்கிறேன், சரிப்படுமா பார்க்கலாம்.