வண்டியில் ஏறிய நேரம்

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

கம்பெனி வண்டி ஓட்டுகிறேன். காலையில் வீட்டிலிருந்து எடுத்து, வழியில் கூட வேலை செய்பவர்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு கடலூர் முதுநகர் ஷெட்டுக்குப் போக வேண்டும். ஜூலைச் சம்பளம் வந்துவிட்டது. ஓவர்டைம் கட்டத்தில் வெறும் 6 மணி நேரம். மேனேஜரிடம் போய், "சார், காலையில வண்டி எடுக்குற நேரம் இதுல வரவே இல்லையே" என்று கேட்டேன். "வண்டி கம்பெனியோடது, டீசல் கம்பெனியோடது. பஸ்ஸுக்குக் காசு இல்லாம ஜம்முனு வர்றீங்க. அதுக்கும் சம்பளமா?" என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் வரிசையாக வந்தது.

நாளையிலிருந்து நேரத்தைக் குறித்து வைக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிருமாம்பாக்கம் வீட்டில் வண்டியை எடுத்தது 7.25. முள்ளோடை பங்க்கில் டீசல். வரி குறைவு என்பதால் புதுச்சேரி எல்லைக்குள் டீசல் விலை கடலூரை விடக் குறைவு, அதனால் கடலூர் வண்டிகளும் இங்கேதான் வந்து நிற்கும். இன்று எனக்கு முன்னால் ஏழு வண்டி. பில் கையில் வந்தபோது 7.48. போன வருஷம் வரை இந்த வண்டி இரவில் முதுநகர் ஷெட்டில்தான் நின்றது. டீசல் மிச்சம் என்று என் வீட்டு வாசலுக்கு அனுப்பியதே கம்பெனிதான்.

வெல்டர் அண்ணன் முள்ளோடையிலேயே ஏறிக்கொண்டார். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் ஓரங்கட்டச் சொன்னார்கள். புதுச்சேரியிலிருந்து வரும் வண்டி என்றால் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். டூல் பாக்ஸ், ஃபில்டர் அட்டைப்பெட்டி, சீட்டுக்கு அடியில் என்று எல்லாவற்றையும் திறந்து காட்டினேன். ஏதாவது அகப்பட்டிருந்தால் ஸ்டேஷனுக்குப் போவது நான், முதலாளி இல்லை.

மஞ்சக்குப்பத்தில் எலக்ட்ரீஷியன் தம்பியும் ஹெல்ப்பர் தம்பியும் ஏறினார்கள். டீலர் கடை ஷட்டரைத் தூக்கியதும் நாலு பேரும் இறங்கி எட்டு ஆயில் கேன், இரண்டு பேட்டரி ஏற்றினோம். ஜெனரேட்டர் பேட்டரியைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், இடுப்பு பத்து நிமிஷத்துக்கு நிமிராது. கெடிலம் பாலம், திருப்பாதிரிப்புலியூர் நெரிசல் எல்லாம் தாண்டி ஷெட். ரெஜிஸ்டரில் கையெழுத்து 9.00.

அதாவது, பேட்டரி தூக்கிய பிறகுதான் கம்பெனி கணக்கில் நான் வேலைக்கு வருகிறேன்.

மாலை 6.00க்குக் கையெழுத்து. எல்லோரையும் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியது 7.20. காலை 1 மணி 35 நிமிஷம், மாலை 1 மணி 20 நிமிஷம். மாதம் 26 நாள் என்றால் 75 மணி 50 நிமிஷம். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தொழிற்சங்கத்துப் பெரியவர் ஒருவரை மஞ்சக்குப்பத்தில் பார்த்தேன். ஜூலை 29 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன், அதிகாலை 3 மணி ஷிஃப்டுக்கு பைக்கில் போகும்போது 2003இல் விபத்தில் இறந்துபோனார். வேலைக்குப் போகும் வழியில் நடந்ததும் வேலையோடு சேர்ந்ததுதான் என்று சொல்லி, அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பு. 22 வருஷம் கழித்து.

"அப்ப நம்ம கேஸும் முடிஞ்சுதே தோழர்" என்றேன். அவர் தலையாட்டினார், இல்லை என்று. "அது அடிபட்டா கிடைக்குற காசு. நீ கேக்குறது நேரத்துக்குக் கூலி. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதப்பா, தொழிலாளர் ஆபீஸ்ல முதல் கேள்வியிலேயே விழுந்துடுவ."

1963இலேயே இப்படி ஒரு தீர்ப்பு வந்ததாம். பம்பாய் நகர பஸ்களை ஓட்டும் 'பெஸ்ட்' நிறுவனத்தின் டிரைவர் ஒருவர் டூட்டி முடித்து, அதே நிறுவனத்தின் இன்னொரு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது விபத்தில் இறந்தார். அதுவும் வேலையின் தொடர்ச்சி என்றது கோர்ட். பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவரின் சாவு வேலை என்றால், ஸ்டீயரிங் பிடித்தவனின் காலை என்ன என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. சட்டத்தில் அப்படித் தாவ முடியாது என்பதும் புரிகிறது.

எங்களைப் போன்ற கடை, நிறுவனங்களுக்குத் தமிழ்நாட்டில் 1947ஆம் வருஷச் சட்டம்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48, மிஞ்சினால் இரட்டைச் சம்பளம். வண்டியில் போகும் நேரம் அந்த எட்டில் சேருமா என்பதுதான் சண்டையே. "உன்னை என்ன செய்யச் சொல்லியிருக்காங்க, அதைக் காட்டு. டீசல் பில், டீலர் பில், போன்ல வந்த மெசேஜ். அதான் உன் சாட்சி" என்றார் பெரியவர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டில் மகளை வைத்து போனில் தேடிப் படித்தேன். அமெரிக்காவிலும் 1947இல்தான் வேலைக்குப் போய்வரும் நேரத்துக்குக் கூலி இல்லை என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். 1996இல் அதைத் திருத்தி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு, வழக்கமான வட்டாரத்துக்குள் கம்பெனி வண்டியில் போய்வந்தால் அதுவும் வேலை நேரமில்லை என்று சேர்த்திருக்கிறார்கள். ஐரோப்பியக் கோர்ட் 2015இல் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது. ஸ்பெயினில் அலாரம் பொருத்தும் ஆட்கள், நிரந்தர ஆபீஸ் இல்லாதவர்கள். வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போவதும், கடைசி ஆளிடமிருந்து வீடு திரும்புவதும் வேலை நேரம்தான் என்று தீர்ப்பு.

எங்களுக்கு ஷெட் இருக்கிறது, அதனால் ஸ்பெயின் கணக்கு அப்படியே ஒட்டாது. ஆனால் சிதம்பரம் பக்கம் சைட் விழும் நாளில் ஷெட்டுக்குள் போகாமலே நேராகப் போகிறோமே, அன்றைக்கு நாங்களும் அந்த ஸ்பெயின் ஆட்கள்தான்.

வெல்டர் அண்ணனை நினைத்தேன். மஞ்சக்குப்பம் வரை தூங்கிக்கொண்டு வருகிறார். அந்தத் தூக்கத்துக்கும் கூலியா என்று கேட்டால் எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆயில் கேனைத் தொட்ட நிமிஷத்திலிருந்து அவருக்கும் உண்டு என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பெண்ணையாற்றுப் பாலத்துக்கு முன்னால் பின் டயர் பஞ்சர். ஜாக்கி போட்டு ஸ்டெப்னி மாற்றி, வழக்கமான லோடும் ஏற்றி ஷெட்டுக்குப் போனபோது 9.25. நாலு பேருக்கும் அரை நாள் கட்.

கை முழுக்கக் கிரீஸோடு நின்று கேட்டேன். "சார், வண்டி ஓடுற நேரம் எங்க நேரம்னா, பஞ்சர் உங்க வண்டியில ஆனதுக்கு எங்களுக்கு ஏன் கட்? உங்க நேரம்னா கூலி எங்க?" மேனேஜர் ரெஜிஸ்டரை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பெரியவருக்குப் போன் போட்டேன். சம்பளச் சட்டப்படி, வராத நேரத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கலாம். 25 நிமிஷத்துக்கு அரை நாள் பிடிப்பது செல்லாது. இதில் வாதமே கிடையாது, எழுதிக் கொடு என்றார்.

ஹெல்ப்பர் தம்பிக்குத் தினக்கூலி. வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்று என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

முதலாளியையே பார்த்தேன். நோட்டு, ஒன்பது டீசல் பில், டீலர் சீட்டு எல்லாம் மேசையில் வைத்தேன். பில்லில் அடித்திருந்த நேரத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரை நாள் கட் நாலு பேருக்கும் அடுத்த சம்பளத்தில் திரும்பி வரும். எனக்கு மட்டும் காலையில் டீசல் பில் நேரத்திலிருந்து வேலைக் கணக்கு. மாலைக்கு ஒன்றும் இல்லை. மற்ற மூவருக்கும் 9.00தான்.

"அவங்களும் லோடு ஏத்துறாங்களே ஐயா" என்றேன். "பாக்கலாம்பா" என்றார்.

வீட்டுக்காரி சந்தோஷப்பட்டாள். எனக்குப் பாதி சோறுதான் இறங்கியது. நாலு பேர் தூக்கிய பேட்டரிக்கு ஒருத்தன் கூலி வாங்குவது சரியில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நோட்டில் நாலு கட்டம் போட்டு டேஷ்போர்டில் வைத்தேன். மஞ்சக்குப்பத்தில் லோடு முடிந்ததும் வெல்டர் அண்ணன் பேனாவைக் கேட்டு வாங்கினார். "எத்தன மணிக்குப்பா கேன் தொட்டோம்?" 8.14 என்றான் ஹெல்ப்பர் தம்பி, நான் சொல்வதற்கு முன்னாலேயே. மூன்று பேரும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்தின் ஓரத்தில் ஆயில் கறை.