கோட்டிங் அடித்த போர்டுதான் முதலில் செத்தது: ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் அனுபவம்

இந்த வருஷம் ஃபைனல் இயர் போகிற இரண்டு ஜூனியர்கள், எலக்ட்ரானிக் போர்டை ஈரத்திலிருந்து காப்பாற்றுவது பற்றிய என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். ஆனால் ரிப்போர்ட் என்பது எல்லாம் ஒழுங்காக முடிந்த பிறகு, முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரிந்த மாதிரி எழுதுவது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எங்களுக்குக் கைகொடுத்தது அதில் எழுதாமல் விட்ட கூத்துகள்தான். அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

மாமா வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கிறார். இராத்திரியில் ஏரேட்டர் நின்றுபோனால் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கி, விடிவதற்குள் இறால் செத்துப்போகும். ஏரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்து போனுக்குத் தகவல் அனுப்ப ஒரு ராஸ்பெரி பை (கையளவு கம்ப்யூட்டர் போர்டு, இனி வெறும் ‘பை’), ஒரு ரிலே போர்டு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஒரு பிளாஸ்டிக் பெட்டி. முதல் போர்டு 40 நாள்கூடத் தாங்கவில்லை. திறந்து பார்த்தால், வயர் மாட்டுகிற உலோகப் பின் வரிசைக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது என்று பெட்டியைத் திட்டினோம். பெட்டிமேல் தப்பே இல்லை. தண்ணீர் துளியாக உள்ளே போகவில்லை, காற்றாகப் போயிருக்கிறது.

இந்தத் தலைப்பை எடுக்கிறவர்கள் முதலில் உட்கார்ந்து படிக்க வேண்டியது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை கிட்டத்தட்ட 26 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கும். ஏசி ரூமில் 22 டிகிரியில் இருந்த போர்டை வெளியே கொண்டுவந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரிதான். குட்டைக் கரையில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். பகலில் வெயிலில் பெட்டி சூடாகி உள்காற்றை வெளியே தள்ளும்; இரவில் குளிர்ந்து, கேபிள் போகிற துளை வழியாக ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். பெட்டி மூச்சு விடுகிறது. பை ஓடிக்கொண்டிருக்கும்வரை தன் சூட்டிலேயே பனிநிலைக்கு மேலே இருந்து தப்பித்துக்கொள்ளும். கரண்ட் போன இரவில்தான் ஆபத்து. போர்டு ஆறிப்போகும், மூடியில் கோத்த நீர் அதன்மேல் சொட்டும், கரண்ட் வந்ததும் அந்த ஈரத்தின் மேலேயே 5 வோல்ட் பாயும்.

சரி, எதையாவது பூசி மூடிவிடலாம் என்று முடிவுசெய்தோம். ஹார்டுவேர் கடையில் பாத்ரூம் இடுக்கு அடைக்கிற சிலிக்கான் ட்யூப் வாங்கி ஒரு பழைய போர்டில் அப்பினான் நண்பன். ரூம் முழுக்க வினிகர் வாசனை. அந்த வாசனையே பதில்: அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற ரகம், செம்பை அரிக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கு அந்த ட்யூப் பக்கமே போகாதீர்கள். இன்னொருவன், திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்து கம்ப்யூட்டரை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டுகிறவர்கள் (ஓவர்கிளாக்) போர்டில் வாசலினும் நெயில் பாலிஷும் பூசுகிற வீடியோ காட்டினான். அவர்களுக்குச் சில மணி நேரம் தாங்கினால் போதும். இறால் குட்டையில் ஒரு பருவம் முழுக்க நிற்க வேண்டும்.

போர்டின் மேடுபள்ளத்தோடு ஒட்டிப் படிகிற இந்த மெல்லிய பூச்சுக்கு முறையான பெயர் கன்ஃபார்மல் கோட்டிங். அக்ரிலிக், யூரித்தேன், எபாக்ஸி, சிலிக்கான், பேரிலீன் என்று ஐந்து வகை. எலக்ட்ரானிக் போர்டுகளுக்கான ஐபிசி-ஏ-610 தரநிலையில் தடிமன் அட்டவணையே இருக்கிறது: முதல் மூன்றுக்கும் 0.03 முதல் 0.13 மி.மீ., சிலிக்கானுக்கு 0.05 முதல் 0.21, பேரிலீனுக்கு 0.01 முதல் 0.05. நாங்கள் அக்ரிலிக் ஸ்ப்ரே எடுத்தோம். காரணம் இரண்டு. ஒன்று, தப்பாக அடித்தால் சால்வென்ட்டில் கரைத்து எடுத்துவிடலாம். இரண்டு, எங்கள் பெட்டியில் ரிலே இருந்தது. சிலிக்கானிலிருந்து ஆவியாகும் பொருள் ரிலே கான்டாக்டில் படிந்து, பொறி பறக்கும்போது சிலிக்காவாக, அதாவது மணலாக, மாறி இணைப்பைக் கெடுக்கும்.

இனி முக்கியமான சமாச்சாரம். பூசியது வேலை செய்கிறதா என்று எப்படிக் காட்டுவது? நல்ல பையைத் தண்ணீரில் முக்கி வீடியோ எடுப்பது ப்ராஜெக்ட் இல்லை. சீப்பு மாதிரி இரண்டு செம்புத் தடங்கள் பற்களைக் கோத்துக்கொண்டு நிற்கிற சின்னச் சோதனை போர்டுகளை நாங்களே ரசாயனத்தில் அரித்து (எட்ச்) செய்தோம், பல்லுக்குப் பல் 0.5 மி.மீ. இடைவெளி. காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில், அடியில் பொட்டாசியம் சல்ஃபேட்டைக் கரையாமல் மிச்சம் நிற்கும் அளவுக்குத் தண்ணீரில் கலந்து வைத்தால், உள்ளே ஈரப்பதம் 97 சதவீதத்தில் தானாக நிற்கும். சாதா உப்பு என்றால் 75. லட்ச ரூபாய் சேம்பர் வேண்டாம். சீப்புக்கு 5 வோல்ட், அதோடு தொடராக 1 மெகாஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே மல்டிமீட்டர். 1 மில்லிவோல்ட் காட்டினால் 1 நானோஆம்பியர் கசிகிறது என்று அர்த்தம். இந்த மாதிரிச் சோதனைகளில் வழக்கமான வரம்பு 100 மெகாஓம்; தடங்களுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸ் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. எங்கள் கணக்கில் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் தோல்வி.

மூன்று போர்டு. முதலாவது, சால்டர் அழுக்கைக் கழுவியது, கோட்டிங் இல்லை. இரண்டாவது, கோட்டிங் உண்டு, கழுவவில்லை. மூன்றாவது, கழுவிக் காயவைத்துக் கோட்டிங் அடித்தது. முதலாவதுதான் முதலில் போகும் என்று பந்தயமே கட்டினோம். மூன்றாம் நாள் காலையில் இரண்டாவது 200 மில்லிவோல்ட்டைத் தாண்டி நிற்கிறது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கோட்டிங்குக்கு அடியில் கொப்புளங்கள், அவற்றுக்கு நடுவே நெகட்டிவ் பல்லிலிருந்து பாசிட்டிவ் பல்லை நோக்கிக் கிளைவிட்டு வளர்ந்த உலோக இழைகள், பாசி மாதிரி.

கோட்டிங் தண்ணீர்த் துளியைத் தடுக்கும்; நீராவியை முழுதாகத் தடுக்காது, மெதுவாக உள்ளே விடும். அடியில் ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்டுவதற்காகப் போடும் பொருள்) மிச்சம் இருந்தால் அதிலுள்ள உப்பு ஆவியை இழுத்து வைத்துக்கொண்டு கொப்புளமாகும். அயனி இருக்கிறது, ஈரம் இருக்கிறது, மின்னழுத்தம் இருக்கிறது. செம்பு கரைந்து நகர வேறென்ன வேண்டும்? அழுக்கை நாங்களே பத்திரமாக மூடிப் பாதுகாத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு பாதி நேரம் கழுவுவதில்தான் போனது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வேண்டாம், மீதி தண்ணீர்; 99 சதவீதம் கேட்டு வாங்குங்கள். பிரஷ்ஷால் தேய்த்து, புது ஆல்கஹாலில் மறுபடி அலசுங்கள். ஒருமுறை மட்டும் தடவிவிட்டால் ஃப்ளக்ஸ் கரைந்து போர்டு முழுக்கப் பரவி வெள்ளையாகப் படியும். அதற்குக் கழுவாமலே இருந்திருக்கலாம். பிறகு லேப் ஓவனில் 60 டிகிரியில் 4 மணி நேரம். ஆறியதும் தள்ளிப்போடாமல் அடித்துவிட வேண்டும். நாங்கள் ஒருமுறை ஐப்பசி மழையில் ஜன்னலைத் திறந்துவைத்து அடித்தோம். சால்வென்ட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, கோட்டிங் பால் மாதிரி வெளுத்துவிட்டது. பனிநிலையைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதி முடித்த பிறகு இது.

மாஸ்கிங்கில், அதாவது கோட்டிங் படக்கூடாத இடங்களை மறைப்பதில், சோம்பல்பட்டால் பை பூட் ஆகாது. யுஎஸ்பி, ஈதர்நெட், எச்டிஎம்ஐ, பவர் சாக்கெட், மெமரி கார்டு ஸ்லாட், பின் வரிசை எல்லாவற்றுக்கும் காப்டன் டேப் (சூடு தாங்கும் மஞ்சள் டேப்). கார்டு ஸ்லாட்டை ஓரத்தில் சரியாக அழுத்தாமல் விட்டதால் கோட்டிங் நுழைந்து ஒரு பையை இழந்தோம் என்றே நினைத்தோம். அக்ரிலிக் என்பதால் கழுவி மீட்டோம். கோட்டிங் முழுதாகக் காயும்முன், லேசாக ஒட்டும் பதத்தில் டேப்பை உரியுங்கள். இல்லாவிட்டால் படலமும் சேர்ந்து கிழியும். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் குமிழி வரும். மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் போர்டைக் கால் சுற்று திருப்பி. உயரமான கெப்பாசிட்டருக்குப் பின்னால் நிழல் விழுந்த மாதிரி கோட்டிங் விட்டுப்போகும். யுவியில் ஒளிரும் சாயம் கலந்த ஸ்ப்ரே வாங்கினால், கள்ளநோட்டு பார்க்கிற டார்ச்சில் அந்த இடங்கள் கறுப்பாகத் தெரியும்.

தடிமனுக்கு, போர்டோடு சேர்த்து ஒரு கண்ணாடி ஸ்லைடுக்கும் அடித்து, ஃபிசிக்ஸ் லேப் ஸ்க்ரூகேஜில் முன்னும் பின்னும் அளந்தோம். 0.05 மி.மீ. வந்தது. மட்டமான முறைதான், ஆனால் ஒரு எண் இருக்கிறது.

வைவா. எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், முதலில் கேட்டது, "அப்ப இது வாட்டர்ப்ரூஃபா?" ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். "இல்லை சார், துளியைத் தாங்கும், முங்கினால் தாங்காது, நீராவியைத் தாமதப்படுத்தும்" என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எது உயர்ந்தது என்றார். பேரிலீன் என்றோம்: 1947இல் மைக்கேல் ஸ்வார்ட்ஸ் கண்டது, பின்னர் யூனியன் கார்பைடில் கோர்ஹாம் முறைப்படுத்தியது, வெற்றிடத்தில் ஆவியாகப் படிவதால் இண்டு இடுக்கெல்லாம் நுழையும், எங்கள் பட்ஜெட்டில் நுழையாது. சிரித்தார்.

பிறகுதான் பிடித்தார். "உங்க மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு?" 10 மெகாஓம். அது 1 மெகாஓமுக்கு இணையாக நிற்கிறதே, அப்போது உண்மையில் 0.91தானே? எங்கள் 50 மில்லிவோல்ட் வரம்பு 45ஆக இருந்திருக்க வேண்டும். நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. அடுத்தது, "நாலாவது போர்டு எங்கே?" கழுவாதது, கோட்டிங்கும் இல்லாதது. அது இல்லாமல், இரண்டாவது போர்டு செத்தது கோட்டிங்கால் சீக்கிரமா, அழுக்கால் மட்டுமா என்று எப்படிச் சொல்வாய்? பதில் இல்லை. "செய்யலை சார், செஞ்சிருக்கணும்" என்றோம். மழுப்பாததால் அதோடு விட்டார். நீங்கள் நான்கு போர்டு செய்யுங்கள். முடிந்தால் ஒவ்வொன்றிலும் மூன்று.

அந்தப் பை இன்னும் குட்டைக் கரையில் ஓடுகிறது. மழைக்காலம் முடிந்து திறந்தபோது போர்டு சுத்தமாக இருந்தது, கோட்டிங் அடிக்க முடியாத கார்டு ஸ்லாட்டில் மட்டும் லேசாகப் பச்சை. இப்போது போர்டை நிமிர்த்தி, ஸ்லாட் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டியிருக்கிறோம். கேபிளைப் பெட்டிக்குள் விடும்முன் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறோம். "கம்பி வழியா தண்ணி உள்ள போவும், தொங்க விட்டு ஏத்துப்பா" என்று மாமா முதல் நாளே சொன்னதுதான். ரிப்போர்ட்டில் அதற்கு ட்ரிப் லூப் என்று பெயர் போட்டு ஒரு படமும் வரைந்து வைத்தோம்.