மரத்திலிருந்தா, லாவ்ஷி?

அவள் கேட்டது இரண்டு கேள்வி. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய் இல்லை என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். இரண்டாவது கேள்விக்கு நான் வாயைக்கூடத் திறக்கவில்லை. "ம்" என்றேன், அவ்வளவுதான். அந்த "ம்"தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

பள்ளி இசைக்குழுக்கள் வாசிக்கும் இளையர் விழாவுக்குப் பதினொரு நாள் இருந்தது. இசையறையில் குளிர்சாதனம் ஓடினால் டீஸி என்கிற சீன மூங்கில் குழலின் சவ்வு விறைத்துக்கொள்ளும். தாழ்வாரத்துக்கு வந்தால் ஈரக்காற்றில் தொய்ந்துபோகும். சிங்கப்பூரில் டீஸி சொல்லிக்கொடுப்பவன் பிழைப்பில் பாதி இந்தச் சவ்வோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். நம் புல்லாங்குழலில் இல்லாத சங்கதி இது. ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இன்னொரு துளை, அதன்மேல் நாணல் தண்டின் உட்புறத்திலிருந்து உரித்தெடுத்த, வெங்காயத்தின் உள்தோல் போன்ற ஒரு சவ்வு. நுண்ணிய சுருக்கங்கள் குறுக்காக விழும்படி அதை ஒட்ட வேண்டும். அது சரியாக அமைந்தால்தான் டீஸிக்கே உரிய அந்த ரீங்காரம். இல்லாவிட்டால் வெறும் மூங்கில் குழாய்.

ஒட்டுவதற்கு அஜியாவ். கருப்பும் பழுப்புமாக, கண்ணாடிச் சில்லு போல மினுங்கும் கட்டி. தண்ணீர் தொட்டுத் துளையைச் சுற்றித் தேய்த்தால் பசையாகும். அவசரத்தில் தண்ணீருக்கு யார் போவது? நாக்கில் ஒரு தடவு தடவித்தான் எல்லோரும் தேய்ப்போம்.

அவளும் நாக்கில் தடவினாள். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு, "லாவ்ஷி, இது எதுல செஞ்சது?" என்றாள்.

உயர்நிலை மூன்றில் படித்த மலாய்ப் பெண். 'லாவ்ஷி' என்றால் சீனத்தில் ஆசிரியர். சீன இசைக்குழுவில் தலைமுக்காடு போட்ட ஒரு பெண், ஒரு தமிழனை லாவ்ஷி என்று கூப்பிடுவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது. அந்த வருஷம் விழாவுக்கு எடுத்திருந்த பாட்டு 'கூசு சிங்'. கூசு என்பது சுஜோ நகரின் பழைய பெயர். ஜியாங் சியான்வெய் 1962-இல் எழுதியது. டீஸி படிக்கிற எல்லோரும் ஒருநாள் அந்த ஊர்வழியே போய்த்தான் ஆக வேண்டும். தொடக்கத்தில் அவசரமே இல்லாமல், பனிமூட்டத்தில் தோட்டம் மெல்லத் தெரிவது போல வரும் அந்தத் தனி இசையை ஊத, என்னிடம் டீஸி படித்த ஐந்து பிள்ளைகளில் அவள் ஒருத்திக்குத்தான் மூச்சு இருந்தது. வடக்கத்திப் பாணியில் நாக்கைப் படபடவென்று அடித்து அசத்திவிடலாம். இந்தத் தெற்கத்தி ஜியாங்னான் பாணியில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

"கம்" என்றேன்.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். அந்தச் சொல்லைத் தமிழில் பசை என்றும் சொல்லலாம், பிசின் என்றும் சொல்லலாம். பசை என்றால் நான் சொன்னது உண்மை. பிசின் என்றால் பொய். இரண்டுக்கும் நடுவிலிருந்த அந்தச் சந்தில் போய் நின்றுகொண்டேன்.

அவள் விடவில்லை. "மரத்துலேர்ந்தா, லாவ்ஷி?"

"ம்."

அஜியாவ் என்பது கழுதைத் தோலைக் காய்ச்சி எடுப்பது. சீன மருந்துக்கடைகளில் இரத்தம் ஊறுவதற்கென்று விற்பதும் இதே சரக்குதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். முஸ்லிம்கள் கழுதை இறைச்சியை விலக்குவார்கள் என்பதும் தெரியும். தோலைக் காய்ச்சிப் பசையாக்கிய பிறகும் அது அதேதானா, நாக்கில் பட்டால் சாப்பிட்டதாகுமா என்பதெல்லாம் அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. அவள் வீட்டில் கேட்டிருந்தால் பரவாயில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். கேட்கிற வாய்ப்பை நான் கொடுக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை? பதினொரு நாள்தான் இருந்தது. சொன்னால் அவள் டீஸியைக் கீழே வைத்துவிடுவாள் என்று பயந்தேன். இதைத்தான் எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பூண்டு இருந்ததே! அஜியாவ் இல்லாத நேரத்தில் பூண்டுப் பல்லை நறுக்கித் தேய்த்து ஒட்டுவது பழைய வழக்கம். கொஞ்சம் நாறும், ஆனால் பிடிக்கும். கீழே உணவகத்தில் சோற்றுக்கடை அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு பல் சும்மாவே கொடுத்திருப்பார். ஐந்து நிமிஷ வேலை. ஆகவே காரணம் விழா இல்லை.

வேறு ஒன்று தோன்றுகிறது. பதின்மூன்று வயதில் நான் சேர்ந்தபோது, "உனக்கெதுக்குப்பா இது?" என்று கேட்காத ஆள் இல்லை. அதிலிருந்து இந்தக் குழலுக்கு நான் ஒரு வக்கீல் மாதிரி ஆகிவிட்டேன். இது யார் வேண்டுமானாலும் ஊதலாம், இதில் யாருக்கும் எந்தத் தடையும் இல்லை என்று எத்தனை பெற்றோரிடம் சொல்லியிருப்பேன்! அந்தப் பேச்சில் ஒரு கழுதை வந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

என் வீடு சைவம். நாலு வருஷம் நாக்கில் தடவி ஒட்டிய பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. ஷாங்காயிலிருந்து வந்த என் லாவ்ஷியிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீ ஊதுறது மூங்கிலைத்தானே?" என்றார். அம்மாவிடம் நான் கோந்து என்று சொன்னேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், கோந்து என்றே நினைத்துக்கொண்டு. ஆக, நான் பட்டது அவளும் படட்டும் என்று நினைத்தேனா? அப்படி இருக்காது. ஆனால் அவர் சொன்ன வாக்கியம் அன்றைக்கு என்னை எவ்வளவு கோபப்படுத்தியது என்பது ஞாபகம் இருக்கிறது. இருந்தும் அதைவிட மோசமானதைத்தான் நான் செய்தேன். அவராவது உண்மையை மறைக்கவில்லை.

விழாவில் அவள் நன்றாக ஊதினாள். முதல் சுரம் கிளம்பியபோது சவ்வு அப்படியொரு பதத்தில் இருந்தது. நான்தான் ஒட்டிக்கொடுத்திருந்தேன், தண்ணீர் தொட்டு. பதினொரு நாளும் அவளுடைய டீஸிக்கு நானே ஒட்டினேன். "லாவ்ஷி உனக்கு மட்டும் வேலைக்காரர்" என்று மற்றப் பிள்ளைகள் அவளைக் கேலி செய்தார்கள். அதை ஒரு பரிகாரமாக நினைத்தேன் போல.

அவள் பள்ளி முடித்துப் போன பிறகு, 2024 பிப்ரவரியில், தோலுக்காகக் கழுதைகளை அறுப்பதை ஆப்பிரிக்க ஒன்றியம் தடை செய்யப்போவதாகச் செய்தி வந்தது. அஜியாவுக்காக அங்கே கழுதைகள் அழிந்துகொண்டிருந்தன. அந்தச் செய்தியை அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கீழே, "லாவ்ஷி, இது நம்ம டீஸி பசையா?"

"ஆமாம்" என்று போட்டேன். 'நீ கேட்டபோதே எனக்குத் தெரியும்' என்று அடுத்த வரியைத் தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன்.

இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: இது கழுதைத் தோல், இது பூண்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் 'ஈ' என்று கத்திவிட்டுச் சிரிப்பார்கள். போன வருஷம் ஒரு சீனப் பெண் இரண்டையும் தொடவில்லை. பௌத்த சைவக் குடும்பம், கழுதையும் ஆகாது, பூண்டும் ஆகாது. அவளுக்குப் புத்தகக்கடைப் பசைக்குச்சி வாங்கிக்கொடுத்தேன். ஒழுங்காகவே ஒட்டுகிறது. இத்தனை வருஷம் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. இப்படியெல்லாம் செய்வதால் நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். புதுப் பிள்ளைகளிடம் உண்மை சொல்வது சுலபம், அவர்களிடம் நான் இன்னும் பொய் சொல்லியிருக்கவில்லை.

நான் இரண்டாவது முறை தட்டிக்கொண்டிருந்தபோதே அவளுடைய பதில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில்தான். அதைத் தமிழில் சொன்னால் 'எங்களுக்கு' என்று வருமா, 'நமக்கு' என்று வருமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவள் நினைத்தது 'நமக்கு'தான், சந்தேகமில்லை.

"பரவால்ல லாவ்ஷி. நமக்கு அப்போ தெரியாதுல்ல."

நான் எழுதியிருந்ததை அழித்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பினேன்.