மேசன்ர மகன் மேசனான கதை

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன், எங்கட விசுவமடுப் பக்கம் மேசன் எண்டா சாந்தகப்பையும் நூலும் வச்சிருக்கிற ஆள்தான், வேற ஒருத்தரும் இல்லை. எங்கட அப்பாவும் அப்பிடி ஒரு மேசன், முப்பது வருசத்துக்கு மேல சுவர் கட்டினவர். அதால கொழும்பில ஒரு லொட்ஜில மேசனாச் சேரப்போறன் எண்டு நான் வீட்டில சொல்லேக்க ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்ல. அம்மா, பஸ் ஸ்டாண்டடியில ரூம் வாடகைக்கு விடுற லொட்ஜ் எண்டு நினைச்சுக்கொண்டு "ஏன் சொந்தக்காரர் வீடு இல்லையே" எண்டா. அப்பா சிரிச்சுப்போட்டு "நூல் பிடிக்கவே வராத உனக்கு ஆரடா வேலை தந்தது" எண்டார்.

இது பிறீமேசன், மேசன் வேலை ஆயுதங்களை அடையாளமா வச்சு ஒழுக்கம் படிப்பிக்கிற ஒரு பழைய சங்கம், லொட்ஜ் எண்டது அதின்ர கிளை எண்டு விளங்கப்படுத்தினாப் பிறகு சிரிப்பு நிண்டுபோச்சு. ஏன் எண்டா மச்சான் யூரியூப்பில பாத்த முழுத்தையும் வந்து கொட்டிட்டான், சாத்தானைக் கும்பிடுறவையாம், ஆட்டு ரத்தமாம், உலகத்தையே அவைதான் நடத்துகினமாம். மடுப் பக்கம் இருக்கிற எங்கட வேதக்கார மாமா சொன்னது மட்டும் சும்மா கதை இல்லை. கத்தோலிக்கர் இதில சேரக்கூடாது எண்டு 1738 இலயே பாப்பரசர் தடை போட்டவர், 2023 இலயும் வத்திக்கான் அதைத் திருப்பிச் சொன்னது. நாங்கள் சைவம், எங்களுக்கு அந்தத் தடை இல்லை, எண்டாலும் அம்மாவுக்குப் பயம் போகேல்ல. கடைசியா எங்கட சுவரில தொங்குற விவேகானந்தர் படத்தைக் காட்டி, இவரும் 1884 இல கல்கத்தாவில பிறீமேசனாச் சேர்ந்தவர்தான் அம்மா எண்டு சொன்னாப் பிறகுதான் மனுசி அடங்கினா.

சேருங்கோ எண்டு அவை கேக்க மாட்டினம், நாங்கள்தான் போய்க் கேக்கோணும். என்ர வேலையிடத்தில ஒரு வயசான சேர் இருந்தவர், அவரிட்டக் கேட்டன், அவர் ஒரு வருசம் இழுத்தடிச்சுத்தான் போர்ம் தந்தவர். பிறகு இன்ரவியூ. கடவுள் நம்பிக்கை இருக்கோ, இதால பிஸ்னஸ் லாபம் வரும் எண்டு நினைச்சு வாறீரோ, மனிசிக்குச் சம்மதமோ, இதுகள்தான் கேள்வி. எந்தக் கடவுள் எண்டு கேக்கேல்ல. அதுக்குப் பிறகு வெள்ளைக் குண்டு கறுப்புக் குண்டு போட்டு வோட்டு, கறுப்பு விழுந்தா வீட்டை போகவேண்டியதுதான். எனக்கு விழேல்ல.

கை குடுக்கிற விதத்தையும் ரகசியச் சொல்லையும் மட்டும் என்னட்டக் கேக்காதேங்கோ, அது நான் குடுத்த வாக்கு. மற்றதெல்லாம் எப்பவோ அச்சில வந்திட்டுது.

என்னைச் சேர்க்கிற சடங்குக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில போய் இறங்கி, கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சேட்டுமா நிண்டன். ஒரு சின்ன அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய் காசு, மணிக்கூடு, மோதிரம், பெல்ற் எண்டு உலோகம் எல்லாத்தையும் கழட்டச் சொல்லிச்சினம். அம்மா கட்டிவிட்ட தாயத்துக் கூடு செம்பு, அதையும் கழட்ட வேண்டி வந்தது. பிறகு இடது பக்க நெஞ்சைத் திறந்துவிட்டு, இடது முழங்கால் தெரியக் காற்சட்டையை மடிச்சு, வலது காலில சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஒரு செருப்பு. புனிதமான நிலத்தில நிக்கிறதுக்கு அடையாளமாம். கோயிலடியில ரெண்டையும் கழட்டுற ஆக்களுக்கு இது அரைகுறையாத்தான் தெரியும். கழுத்தில ஒரு கயிறு, நாம்பனுக்குப் போடுற மாதிரி. கடைசியாக் கண்ணைக் கட்டிச்சினம்.

இதில கொஞ்சம் நிண்டு சொல்லோணும். கண்ணைக் கட்டினா மற்ற ஆக்களுக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும்போல. 2009 மே மாசம், சண்டை முடியிற நேரம், வட்டுவாகல் பாலத்தால நடந்து வந்த ஒருத்தனுக்கு அப்பிடி இருக்காது, எனக்கு அப்ப பதினேழு வயசு. கண்ணில துணி விழுந்த உடன கை குளிர்ந்துபோச்சு, பக்கத்தில நிண்டவர் கவனிச்சிட்டார், "தம்பி, வேண்டாம் எண்டா இப்ப சொல்லும், கழட்டிவிடுறன்" எண்டார். கண்ணைக் கட்டுறதே அதுக்கும் சேர்த்துத்தானாம், அறியாமையில நிக்கிறதுக்கு அடையாளம் ஒருபக்கம், நடுவில மனம் மாறினா உள்ளுக்க ஒண்டையும் பாக்காமல் வெளியில போகலாம் எண்டது மற்றப்பக்கம். நான் இல்லைப் பரவாயில்லை எண்டன்.

கதவில மூண்டு தட்டு. வெளியில வாளோட நிக்கிறவரை டைலர் எண்டுவினம், தைக்கிறவர் இல்லை. உள்ள கால் வைக்கேக்க திறந்த நெஞ்சில கூரா ஒண்டு தொட்டுது. முழங்காலில இருத்தி ஒரு பிரார்த்தனை, அது முடிய தலைவர் கேட்டார், கஷ்டத்திலயும் ஆபத்திலயும் நீ ஆரை நம்புறாய் எண்டு, இங்கிலீசிலதான். எனக்கு வாயில வந்தது வற்றாப்பளை அம்மாள். பங்கருக்குள்ள அம்மா விடாமல் முணுமுணுத்தது அந்தப் பேரைத்தான். ஆனா பக்கத்தில நிண்டவர் சொல்லித்தந்தபடி "இன் கோட்" எண்டன்.

இடது காலை முன்னுக்கு வச்சுத்தான் நடக்கோணும், புது வீட்டுக்கு வலது கால் வைக்கிற எனக்கு ரெண்டு தரம் பிழைச்சுப்போச்சு. சத்தியம் பண்ண கீதை வேணுமோ எண்டு முதலே கேட்டவை. எங்கட வீட்டில கீதை இருந்ததில்லை, தேவாரப் புத்தகம்தான், அதையே கொண்டு போனனான், அதுக்கு மேல மூலைமட்டமும் கவராயமும் வச்சிருந்தினம். ரகசியத்தைச் சொன்னாத் தொண்டையை அறுக்கிறது எண்ட பழைய வசனத்தை இங்கிலாந்துப் பெரிய லொட்ஜ் 1986 இலயே சத்தியத்தில இருந்து எடுத்துப்போட்டுது, மச்சானுக்கு இது இன்னும் தெரியாது. பிறகு உனக்கு இப்ப என்ன வேணும் எண்டு கேப்பினம், வெளிச்சம் எண்டோணும். ஒரே நேரத்தில எல்லாரும் கை தட்ட, கட்டு அவிழ்ந்துது. கறுப்பும் வெள்ளையுமாச் சதுரம் போட்ட நிலம், முன்னுக்குத் திறந்த தேவாரப் புத்தகம்.

அப்பதான் அந்தக் கத்தியையும் கயிற்றையும் காட்டி விளக்கம் சொன்னவை. அவசரப்பட்டு முன்னுக்குப் பாய்ஞ்சிருந்தா கத்தி குத்தியிருக்கும், பயந்து பின்னுக்கு இழுத்திருந்தா கயிறு இறுக்கியிருக்கும், நீ ரெண்டும் செய்யாமல் நிதானமா நடந்து வந்தாய் எண்டு. முன்னுக்குப் போனாலும் சாவு பின்னுக்குப் போனாலும் சாவு எண்ட பாடம் வன்னியில ஆருக்கும் நடத்தத் தேவையில்லை எண்டு மனதுக்க நினைச்சன். கொஞ்சம் எரிச்சலும் வந்தது, உண்மையைச் சொல்லோணும்.

அந்த எரிச்சல் போனது அடுத்ததில. வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன் ஒண்டைக் கட்டிவிட்டு, என்னை வடகிழக்கு மூலையில நிப்பாட்டிச்சினம், கட்டடத்துக்கு முதல் கல்லு வைக்கிற இடமாம். அப்பாவும் ஈசான மூலையிலதான் முதல் கல்லு வைப்பார், அதுக்கு முதல் ஒரு தேங்காயும் உடைப்பார். நான் நிண்ட நிலையில அந்தத் தேங்காய் உடையிற சத்தம்தான் காதில கேட்டுது. அப்ப ஒருத்தர் வந்து கையை நீட்டினார், இல்லாத சனத்துக்கு ஏதும் தாரும் எண்டு. நான் என்னை அறியாமலே பொக்கற்றுக்குள்ள கை விட்டன். ஒண்டும் இல்லை, எல்லாத்தையும் கழட்டி வச்சாச்சு. குடுக்க மனம் இருக்கோ எண்டார். இருக்கு, கையில ஒண்டும் இல்லை எண்டன். சண்டை முடிஞ்சு எங்களை வச்சிருந்த செட்டிகுளம் முகாமில, உடுத்த சேட்டோட நிண்ட எனக்கு, பக்கத்துக் கூடாரத்து ஐயா தனக்கிருந்த ரெண்டு சேட்டில ஒண்டைத் தந்தவர், ஊதாக் கோடு போட்ட சேட்டு. பேர் கேட்டு வைக்கேல்ல. காசுள்ள ஆக்களுக்கு அஞ்சு நிமிசம் இல்லாதவனா நிண்டு பாக்கிறது ஒரு பாடமா இருக்கும். எனக்கு அந்தச் சேட்டுத்தான் ஞாபகம் வந்தது, குரல் அடைச்சுப்போச்சு, அவை நான் வசனத்தை மறந்திட்டன் எண்டு நினைச்சினம்.

பிறகு மேசன் வேலை ஆயுதங்களைக் காட்டி விளக்கம். ரெண்டடி அடிமட்டம், 24 அங்குலம், நாளின்ர 24 மணித்தியாலம், கும்பிடவும் உழைக்கவும் ஆறவும் மற்றவைக்கு உதவவும் பிரிக்கோணும். சுத்தியல் மனச்சாட்சி, உளி படிப்பு. கரடுமுரடான கல்லு நாங்கள், செதுக்கிச் செதுக்கிச் சதுரமாக்கோணும். விளக்கம் நல்லாத்தான் இருந்தது, ஆனா நீட்டிவிட்டினம். அதோட எங்கட ஊரில கல்லை ஆர் செதுக்கிறது, சீமெந்துக் கல் அரிஞ்சு அடுக்குறதுதானே.

சாப்பாடு, பேச்சு எல்லாம் முடிஞ்சு விடியப்புறம் ஊருக்கு வந்து சேர்ந்தன். அப்பா விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவர், ஏப்ரனைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"இதில ஒரு பொட்டுச் சாந்து இல்லையேடா."

"ஊத்தை படக்கூடாதாம் அப்பா."

"என்ன என்ன ஆயுதம் காட்டினவை?"

சொன்னன். விரலை மடிச்சு எண்ணிக்கொண்டிருந்தவர் மூண்டாவதில நிப்பாட்டிப்போட்டு நிமிர்ந்தார். "தூக்குக்குண்டு?"

"அது ரெண்டாம் படியிலதான் அப்பா. மட்டமும் அப்பதான். அதுக்கு முதல் கொஞ்சம் கேள்வி பதில் பாடமாக்கோணும்."

"தூக்குக்குண்டு இல்லாமல் என்ன மேசன்" எண்டு எழும்பி உள்ள போனார். கொஞ்ச நேரத்தில கறள் பிடிச்ச தன்ர குண்டைப் பழந்துணியால துடைச்சுக்கொண்டு வந்து மேசையில வச்சார்.

"அடுத்த முறை போகேக்க இதைக் கொண்டு போ. அவையின்ர சுவர் நேரோ எண்டு பாத்துக்கொண்டு வா."