திருப்புல்லாணியில் படுத்திருக்கும் ராமர்

எனக்கு இருப்பது அன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். பெயர் வாயில் நுழையாதவர்களிடம் முதுகெலும்பு இறுகிக்கொண்டே போகிற வாதநோய் என்பேன். உடனே "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பார்கள். இந்த நோயின் குணம் அதற்கு நேர்மாறு. படுத்தால் வலி கூடும், நடமாடினால் குறையும். பின்னிரவில் இடுப்பைப் பிடித்து எழுப்பிவிடும். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் குனிந்து செருப்பு மாட்ட முடியும்.

ராமநாதபுரத்தில் இருக்கும் அத்தை அதையெல்லாம் கேட்டுவிட்டு, "திருப்புல்லாணியில ராமரு படுத்துக் கெடக்காரு, ஒருதரம் வந்து பாருய்யா" என்றார். வேண்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து பஸ். பரமக்குடி வருவதற்குள் பலமுறை இருக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இடம் கிடைத்தும் நிற்கிறவனைக் கண்டக்டர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ராமநாதபுரத்தில் அத்தையும் சேர்ந்துகொண்டார். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் போல, பனையும் சீமைக்கருவேலமுமாக ஒரு சாலை.

108 திவ்ய தேசங்களில் ஒன்று திருப்புல்லாணி. திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். மூலவர் ஆதிஜெகந்நாதப் பெருமாள். பிள்ளை வரம் கேட்டு தசரதர் வழிபட்ட தலம் என்பதால் பாயசம் இங்கே விசேஷம். குழந்தை வேண்டி வந்த இளம் தம்பதிகள் நிறையப் பேர் நின்றார்கள். நான் நேரே தர்ப்பசயன ராமர் சன்னதிக்குப் போனேன்.

விழுந்து சேவிக்க முடியாமல் தயங்கியதைப் பட்டர் கவனித்துவிட்டார் போல. "நின்னுண்டே சேவியுங்கோ" என்றார்.

பள்ளிகொண்ட பெருமாளை எத்தனையோ கோயில்களில் பார்த்திருக்கிறேன். பாம்பணையில் அது நிம்மதியான உறக்கம். இங்கே அப்படியில்லை. மனைவி அசோகவனத்தில், குறுக்கே கடல். வழிவிடச் சொல்லி தர்ப்பைப் புல்லை விரித்து மூன்று இரவுகள் கிடந்தார் என்கிறது வால்மீகி ராமாயணம். கடலரசன் எட்டிப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியிருக்குமே என்றுதான் என்னைப் போன்றவனுக்கு முதலில் தோன்றும். மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிறவனுக்கு, அதே மாதிரி ராத்திரிகளைக் கழித்த ஒரு சாமி கிடைத்துவிட்டார். சட்டென்று கண் கலங்கிவிட்டது.

நான்காம் நாள் அவருக்குக் கோபம் வந்து வில்லை எடுத்துவிட்டார். அந்தக் கோபமும் எனக்குப் பிடித்திருந்தது. நோயாளிகளுக்குப் பொறுமையை உபதேசிக்கிறவர்கள் கதையின் இந்த இடத்தைச் சொல்வதே இல்லை. அப்புறமும் கடல் வற்றிப் போகவில்லை. அது அங்கேயேதான் இருந்தது, அதன்மேல் அணை கட்டினார்கள். முதல் நாள் 14 யோசனை (அந்தக் காலத் தூர அளவு), மறுநாள் 20, பிறகு 21, 22, 23 என்று ஐந்து நாளில் நூறு யோசனை. முதல் நாள் வேலை கொஞ்சம் மந்தம்தான். குணமாக்கு என்று நான் கேட்கவில்லை. காலையில் எழுந்து நடக்கிற தெம்பை மட்டும் கேட்டேன்.

பக்கத்திலேயே சேதுக்கரை. கடலைப் பார்த்து ஆஞ்சநேயர் நிற்கிறார். கரையில் சிலர் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கினேன். முதுகு லேசானது. இந்த நோய்க்கு நீச்சல் நல்லது என்று டாக்டர்கள் சொல்வதுண்டு, தண்ணீரில் உடம்பின் பாரம் குறைவதால். சேது தீர்த்தத்தின் மகிமையா, நீரின் மிதப்பு விசையா என்று கேட்டால், இரண்டுக்கும் சேர்த்தே கும்பிடு போட்டுவிடுவேன். மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன்.

திரும்பும்போது அத்தை, "மார்கழியில உத்தரகோசமங்கைக்கு வாரியா?" என்று கேட்டார். அங்கே மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார். ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தின நாள்தான் அதைக் களைவார்கள். கூட்டம் நெரியும். இந்த நோய் வந்தபின் அடுத்த வாரக் கல்யாணத்துக்குக்கூட, "உடம்பு எப்படி இருக்குதோ, பார்க்கலாம்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்காமல் வருகிறேன் என்றேன். நகர்கிற வரிசை எனக்குச் சிரமமில்லை. விடியற்காலையில் மட்டும் என்னைக் கிளப்பாதீர்கள், மத்தியானத்துக்கு மேல் போவோம் என்று கேட்டுக்கொண்டேன். "சரிய்யா, அதுக்குள்ள சோறாக்கி வச்சிர்றேன்" என்றார்.